இந்தியக் கல்வியில் மாணவர் தொண்டும் பணியிடப் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வகுப்பறைக்கு வெளியே மாணவர் செய்யும் தொண்டும், பணியிடங்களில் அவர் பெறும் பயிற்சியும் இன்று இருவேறு திட்டங்களாக நடைபெறுகின்றன. முன்னது நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழும் பின்னது தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழும் அடங்குகின்றன. 1949இல் ஒரே சிந்தனையின் இரு கூறுகளாக முன்வைக்கப்பட்ட இவை 1973க்குள் பிரிந்துபோன வகையையும், அப்பிரிவினால் மாணவரின் அனுபவம் மணிக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் அளக்கப்படும் பொருளாகிவிட்டதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சமூகப்பணிக் கல்வி மட்டும் வேறோர் அளவுகோலைக் கைக்கொண்டதையும் எடுத்துரைக்கிறது.

குறிச்சொற்கள்: உமேதுவார், தொழிற்பழகுநர், நாட்டு நலப்பணித் திட்டம், காந்திகிராமம், களப்பணிப் பதிவு.

முன்னுரை

கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பாடத்திட்டம், தேர்வு, பயிற்றுமொழி, கல்வி நிலையங்களின் வளர்ச்சி ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். மாணவர் ஒருவர் ஏழு நாள் ஒரு சிற்றூரில் தங்கி ஊருணியைத் தூர்வாரியதும், மற்றொருவர் ஓராண்டு ஒரு தொழிற்கூடத்தில் கடைசல் எந்திரத்தின் அருகே நின்றதும் அவ்வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. ஆனால் அம்மாணவர்களைக் கேட்டால், கல்லூரி நாட்களில் நினைவில் நின்றவை அவையே என்று கூறுவோர் பலராக இருப்பர்.

இவ்வனுபவங்கள் வரலாற்றில் இடம்பெறாமைக்குக் காரணம் சான்றுக் குறைவு மட்டும் அன்று. களத்தில் நிற்கும் மாணவர் யார் என்னும் வினாவுக்கே தெளிவான விடை இல்லை. அவர் தொழிலாளர் அல்லர் என்று சட்டம் கூறுகிறது. தன் விருப்பத்தால் வந்த தொண்டர் என்று திட்டம் கூறுகிறது. எனினும் வருகைப்பதிவு உண்டு. மாணவர் என்றே கல்லூரி கருதுகிறது. எனினும் அவர் அங்குக் கற்றது என்ன என்று பெரும்பாலும் வினவுவதில்லை. இந்த நிலை தற்செயலாக ஏற்பட்டதன்று. அதற்கு ஒரு நிருவாக வரலாறு உண்டு.

உமேதுவாரும் 1850ஆம் ஆண்டுச் சட்டமும்

ஊதியமின்றிப் பணியிடத்தில் பழகும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆட்சி அலுவலகங்களிலேயே இருந்தது. ஒரு பணியிடம் காலியாகும் என்னும் எதிர்பார்ப்பில், ஊதியம் பெறாமல் ஏடுகளைப் படியெடுத்தும் கணக்கெழுதியும் காத்திருந்தவரை ‘உமேதுவார்’ என்றனர். இது பாரசீகத்திலிருந்து வந்த சொல். நம்பிக்கை உடையவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலேய ஆட்சியில் வழங்கிய இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இச்சொல்லைப் பதிவு செய்துள்ளது. சென்னை மாகாண ஆட்சியர் அலுவலகங்களில் இத்தகையோருக்கு ‘வாலண்டியர்’ என்ற ஆங்கிலப் பெயரும் வழங்கியது. தொண்டர் என்று இன்று பொருள்கொள்ளும் அதே சொல், அன்று வேலைக்குக் காத்திருப்பவரைக் குறித்தது என்பது நோக்கத்தக்கது. பயிற்சியும் ஊதியமற்ற உழைப்பும் ஒன்றோடொன்று கலந்துநின்ற நிலையை அச்சொல்லே காட்டிவிடுகிறது.

உமேதுவாரை எச்சட்டமும் ஆளவில்லை. சட்டத்தின் பார்வை வேறொரு திசையில் இருந்தது. 1850ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் சட்டம், பத்து வயதுக்கு மேற்பட்டுப் பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறாரை ஏழாண்டுக்கு மேற்படாத காலத்திற்கு ஒரு தொழிலில் பழகுநராகப் பிணைக்க வழிவகுத்தது. அறநிலையங்களில் வளரும் ஆதரவற்ற, ஏழைச் சிறார் பிழைப்புக்கு ஒரு தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் முதன்மை நோக்கம். ஆகவே தொழில் பழகுவது ஏழையின் வழியாகவும், ஏடு படிப்பது மற்றவரின் வழியாகவும் சட்ட அளவிலேயே பிரிந்திருந்தன. கல்லூரி மாணவர் கைத்தொழில் பழகுவர் என்ற எண்ணம் அக்காலச் சட்ட நூல்களுக்கு முற்றிலும் அயலானது.

தொண்டு என்னும் சொல்லுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. அடிமைத்திறம் என்னும் பொருளிலிருந்து இறைபணி என்னும் பொருளுக்குப் பக்தி இயக்கக் காலத்தில் அது உயர்ந்தது. உழவாரப் படையைக் கையிலேந்திய நாவுக்கரசரின் உருவம் அம்மாற்றத்தின் அடையாளம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசியல் மாநாடுகளின் தொண்டர் படைகள் வாயிலாக அது பொதுவாழ்வுச் சொல்லாயிற்று. ‘தன்னார்வலர்’ என்னும் இன்றைய சொல் மிகப் பிற்பட்டது. தொண்டில் உள்ள கடப்பாட்டு உணர்வு இச்சொல்லில் இல்லை. தன் விருப்பமே இதில் முன்னிற்கிறது. கடப்பாடா, விருப்பமா என்னும் இழுபறியே பின்னர் எழுந்த கொள்கை விவாதங்கள் அனைத்தின் உள்ளீடாக அமைந்தது.

வகுப்பும் வேலையும் மாறிமாறி

கல்லூரிப் படிப்போடு பணியிட அனுபவத்தை முறையாக இணைக்கும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றின. இங்கிலாந்தின் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903இல் தொடங்கிய முறை ‘சாண்ட்விச்’ என்னும் பெயர்பெற்றது. கோயம்புத்தூர்ப் பொறியியல் கல்வியில் அப்பெயரோடு கூடிய பட்ட வகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906இல் எர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு கூட்டுறவுக் கல்வியைத் தொடங்கினார். மாணவர்களை இருவர் இருவராக இணைத்து, ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருக்குமாறு அவர் ஏற்பாடு செய்தார். தொழிற்சாலை எந்திரங்கள் விரைவில் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் வாங்கி வைக்கப் பல்கலைக்கழகத்தால் இயலாது. எனவே தொழிற்சாலையையே ஆய்வுக்கூடமாகக் கொள்வது மேல் என்பது அவர் வாதம். ஓராண்டுக்கு மட்டும் இதனைச் சோதித்துப் பார்க்க இசைந்த ஆட்சிக்குழு, திட்டம் தோற்றால் தான் பொறுப்பேற்காது என்றும் தீர்மானத்தில் எழுதிவைத்தது. புதிய கல்வி முயற்சிகளுக்கு ஆட்சிக்குழுக்கள் அளிக்கும் ஆதரவின் தன்மைக்கு இத்தீர்மானம் நல்ல எடுத்துக்காட்டு.

சின்சினாட்டி மாணவர் தொழிற்சாலையில் ஊதியம் பெற்றார் என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். அவருடைய உழைப்புக்கு விலை இருந்தது. அதே உழைப்பு பாடமாகவும் இருந்தது. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை.

ஷ்னைடரின் முறை பொறியியலுக்கு மட்டும் உரியதாக இருந்தது. அதனைக் கலை, அறிவியல் கல்விக்கும் விரித்தவர் ஆர்தர் மார்கன். 1913ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் ஓகையோ மாநிலத்தின் டேட்டன் பகுதியில் வெள்ளத்தடுப்புப் பணிகளை வகுத்த நீரியல் பொறியாளர் அவர். 1920இல் ஆன்டியாக் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்று, அடுத்த ஆண்டே படிப்பையும் வேலையையும் மாறிமாறி அமைக்கும் திட்டத்தைக் கொணர்ந்தார். அங்குப் பயின்ற மாணவர் சில வாரம் வகுப்பிலும் சில வாரம் ஊர்விட்டு ஊர் சென்று ஏதேனும் ஒரு பணியிலும் இருந்தனர். அப்பணி பாடத்தோடு நேர்த்தொடர்பு உடையதாக இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அயலார் நடுவே வாழ்வதும், நேரம் தவறாமையும், தன் செலவைத் தானே ஈடுசெய்வதும் கல்வியின் பகுதிகளே என்பது மார்கனின் கொள்கை. இவர் பெயர் இந்தியக் கல்வி வரலாற்றில் உரிய அளவுக்குப் பேசப்படவில்லை.

இராதாகிருஷ்ணன் ஆணையமும் காந்திகிராமமும்

விடுதலைக்குப் பின் 1948 நவம்பரில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்திற்குச் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், இயற்பியலறிஞர் மேகநாத் சாகா, சாகிர் உசேன் முதலியோர் உறுப்பினர்கள். அயல்நாட்டு உறுப்பினர் மூவருள் ஒருவர் ஆர்தர் மார்கன். ஆணையத்தின் அறிக்கையில் சிற்றூர்ப் பல்கலைக்கழகங்கள் பற்றிய இயல் அவருடைய சிந்தனையின் விளைவு. படிப்பும் நடைமுறை வேலையும் மாணவரின் நேரத்தை ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அவ்வியல் கருதியது.

இதே குழுவில் சாகிர் உசேன் இருந்தமை பொருள் பொதிந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து, காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் அவர். கைத்தொழிலை நடுவாகக் கொண்ட அக்கல்வி, சிறாரின் உழைப்பைச் சுரண்டுவதாக முடியும் என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. ஆன்டியாக்கின் கூலிபெறும் மாணவரும், வார்தாவின் நூற்கும் சிறுவரும் ஒரே அறிக்கைக்குள் அருகருகே வந்துநின்றனர் எனலாம். மாணவர் தொண்டு பற்றி அதே ஆணையம் கூறியது தனியே கவனிக்கத்தக்கது: கல்வி நிலையங்களில் நாட்டுப்பணியைப் புகுத்தலாம், ஆனால் அது விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்கவேண்டும். ஆக, 1949இல் தொண்டும் தொழிலனுபவமும் ஓர் அறிக்கையின் இருவேறு பக்கங்களில், ஒரே நோக்கத்தின் பகுதிகளாக இருந்தன.

இந்நோக்கம் நிலத்தில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராமம். மருத்துவர் தி.சு. சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய அவ்வமைப்பு, 1956இல் ஒன்றிய அரசு ஏற்படுத்திய சிற்றூர் உயர்கல்வி நிலையங்களுள் ஒன்றாயிற்று. கோயம்புத்தூர் இராமகிருஷ்ண வித்யாலயமும் அவ்வரிசையில் சேர்ந்தது. இந்நிலையங்களில் சிற்றூர்ப்பணி என்பது படிப்பின் ஓரத்தில் ஒட்டப்பட்ட துணைச்செயல் அன்று. சிற்றூர்ப்பணிக்கான மூன்றாண்டுப் பட்டயப்படிப்பின் உள்ளடக்கமே அது. அருகிலுள்ள ஊர்களுக்கு மாணவர் செல்வதும் தங்குவதும் பாடவேளையாகவே கருதப்பட்டன. தொண்டு, தொழிற்பயிற்சி, கல்வி ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்ட இயலாத நிலை அங்கிருந்தது. ஆயினும் அப்பட்டயத்தின் மதிப்பு வேலைச் சந்தையில் உறுதிப்படவில்லை. வழக்கமான பட்டத்திற்கு இணையாக அதனை ஏற்பதா என்னும் சிக்கல் தொடர்ந்தது. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி வழக்கமான பட்டங்களை வழங்கத் தொடங்கியதை, ஒரு வளர்ச்சியாகவும் ஒரு விட்டுக்கொடுத்தலாகவும் நோக்க இடமுண்டு.

விருப்பமா, கட்டாயமா: 1950–1969

மாணவர் தொண்டு பற்றிய கொள்கை அடுத்த இருபதாண்டுகளில் பலமுறை திசைமாறியது. 1950 சனவரியில் ஒன்றியக் கல்வி ஆலோசனை வாரியம், மாணவர் விருப்பத்தின் பேரில் உடலுழைப்பில் ஈடுபடலாம் என்றும், ஆசிரியரும் உடன் சேரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் மாணவருக்கு ஓராண்டுச் சமூக, உழைப்புப் பணியின் தேவையை வற்புறுத்தியது. இதனையொட்டி உழைப்பு முகாம்களும் கல்லூரி வளாகப் பணிகளும் ‘சிற்றூர்ப் பழகுநர்’ திட்டமும் ஆங்காங்கே நடைபெற்றன. தொண்டுக்குரிய திட்டத்தின் பெயரிலேயே பழகுநர் என்னும் தொழிற்சொல் இருந்ததை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். இரு மரபுகளும் அப்போது முற்றும் பிரிந்துவிடவில்லை.

1958இல் தலைமையமைச்சர் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய மடலில், பட்டம் பெறுவதற்கு முன் சமூகப்பணியை ஒரு தகுதியாக்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். மறு ஆண்டு ஆகத்து 28ஆம் நாள், பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவராக இருந்த சி.து. தேசுமுக் தலைமையில் நாட்டுப்பணிக் குழு அமைந்தது. அக்குழு விருப்பம் என்னும் சொல்லையே அகற்றிவிட்டது. உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாக நாட்டுப்பணி செய்யவேண்டும் என்பது அதன் பரிந்துரை. செலவும் நடைமுறை இடர்ப்பாடுகளும் கருதி அரசு அதனை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு வருவாய் தள்ளிப்போவதன் சுமை என்னவாக இருந்திருக்கும் என்பது தனியே கணக்கிடத்தக்கது.

1960இல் கு.கு. சயீதைன் பல நாடுகளின் மாணவர் பணித் திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். இவரும் 1937ஆம் ஆண்டுச் சாகிர் உசேன் குழுவின் உறுப்பினரே. பின்னர்க் கோத்தாரி ஆணையம் (1964–66) எல்லாக் கல்விப் படிநிலைகளிலும் சமூகப்பணிக்கு இடம் வேண்டும் என்றது. ‘வேலையனுபவம்’ என்பதனை வேறொரு தலைப்பில் தனியே வைத்தது. பிரிவின் தெளிவான தொடக்கம் இதுவே. இதற்கிடையில் 1962ஆம் ஆண்டுச் சீனப்போர் ஒரு திருப்பத்தைத் தந்தது. 1963 முதல் கல்லூரிகளில் தேசிய மாணவர் படை கட்டாயமாயிற்று. அக்கட்டாயம் நெடுநாள் நிற்கவில்லை. 1968இல் அது மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. 1967 ஏப்பிரலில் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர் மாநாடு, மாணவர் படைக்கு மாற்றாகவே நாட்டு நலப்பணித் திட்டத்தை முன்மொழிந்தது. இன்று தொண்டின் வடிவமாகக் கருதப்படும் திட்டம், படைப்பயிற்சி என்னும் காலியிடத்தை நிரப்ப வந்தது என்பதை இவ்வரிசை காட்டுகிறது. அணிவகுப்பு, வருகைப்பதிவு, முகாம், அலகு என்னும் அமைப்புச் சொற்கள் அதில் நிலைத்தமைக்கு இத்தோற்றமும் ஒரு காரணமாகலாம்.

நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தில் 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24ஆம் நாள், கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலாண்டில் சேர்ந்தோர் ஏறத்தாழ 40,000 மாணவர். சௌந்தரம் அம்மையாரே இத்திட்டத்தைத் தொடங்கினார் என்று சில வாழ்க்கைக் குறிப்புகள் கூறுவதுண்டு. அவர் 1962இல் ஒன்றியக் கல்வித் துறைத் துணையமைச்சரானவர். திட்டம் கருக்கொண்ட ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவர். தொடக்க நாளில் அவர் அப்பதவியில் இல்லை. காந்திகிராமத்தின் அனுபவம் அவர் வழியே தில்லிக்குச் சென்றிருக்கலாம் என்னும் அளவில் அக்கூற்றை ஏற்பதே பொருந்தும்.

240 மணி நேரம்

திட்டத்தின் நடைமுறை விதி எளியது. ஈராண்டில் 240 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி. அதனோடு தேர்ந்தெடுத்த ஊரில் ஒரு சிறப்பு முகாம். முகாம் இன்று ஏழு நாள். பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ மாணவர் தங்குவர். காலையில் சாலை செப்பனிடுதல், வாய்க்கால் தூர்வாருதல், கருவேல மரம் அகற்றுதல், மரக்கன்று நடுதல், கோயில் உழவாரம் என உடலுழைப்பு நடைபெறும். பிற்பகலில் கணக்கெடுப்போ சொற்பொழிவோ மருத்துவ முகாமோ இருக்கும். மாலையில் ஊர்மக்கள் முன் கலைநிகழ்ச்சி. சமையலும் மாணவர் பொறுப்பே. வெவ்வேறு சாதியினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது, பலருக்கு வீட்டிலிருந்து வெளியே வந்து பெறும் முதல் அனுபவமாகவும் அமைவதுண்டு. ஊரின் எந்தத் தெருவில் முகாம் அமைகிறது, எந்தத் தெருவின் வாய்க்கால் தூர்வாரப்படுகிறது, எங்கிருந்து குடிநீர் வருகிறது என்பன மாணவருக்கு ஒரு பாடநூலும் தராத சமூகவியலைக் கற்பிக்கின்றன. திட்ட அலுவலராக இருந்த பேராசிரியர் ஒவ்வொருவரும் இதனை அறிவர்.

பதிவில் எஞ்சுவதோ வேறு. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை, பங்கேற்றோர் எண்ணிக்கை, பணி செய்த மணி, சிறப்பு விருந்தினர் பெயர் ஆகியனவே அறிக்கையில் இடம்பெறும். மாணவர் பணிக் குறிப்பேடு எழுதவேண்டும் என்னும் ஏற்பாடு உண்டு. ஆனால் சான்றிதழுக்குத் தேவை 240 மணி நேரமேயன்றிக் குறிப்பேட்டின் உள்ளடக்கம் அன்று. தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் விருப்பத் தகுதிப்புள்ளி முறை வந்தபின் இது பகுதி ஐந்தில் ‘விரிவாக்கப் பணி’ என்னும் தலைப்பில் ஒரு புள்ளி பெறுகிறது. மூன்றாண்டுப் பட்டத்தின் மொத்தப் புள்ளிகளில் இதன் இடம் எவ்வளவு சிறிது என்பதை விளக்க வேண்டுவதில்லை. மணிக்கணக்கு தேவையற்றது என்பது கருத்தன்று. 40,000 பேரில் தொடங்கி 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்ட திட்டமாக வளர்ந்த ஒன்றுக்கு ஏதேனும் ஒரு பொது அளவு வேண்டும். ஆனால் அந்த அளவே பொருளாகிவிட்டது.

‘தொழிலாளர் அல்லர்’

தொண்டு இவ்வழியில் சென்றபோது பணியிடப் பயிற்சி வேறோர் அமைச்சகத்தின் சட்டத்திற்குள் சென்றது. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. முதலில் அது கைவினைத் தொழில்களில் பழகுவோரையே கருதியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டம், பட்டயம் பெற்ற பொறியாளரையும் அதனுள் கொணர்ந்தது. 1986இல் தொழிற்கல்விப் பிரிவில் மேல்நிலைக் கல்வி முடித்தோரும் சேர்க்கப்பட்டனர். ஆதரவற்ற சிறார்க்கென உருவான சட்ட மரபு 123 ஆண்டுகளுக்குப் பின் பட்டதாரியை வந்தடைந்தது.

இச்சட்டத்தின் 18ஆம் பிரிவு இக்கட்டுரையின் பொருளுக்கு மையமானது. பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றும் அப்பிரிவு வரையறுக்கிறது. பாதுகாப்பு, உடல்நலம், பணியின்போது நேரும் காயத்திற்கான இழப்பீடு ஆகியவற்றுக்கு மட்டும் வேறு பிரிவுகள் விலக்களிக்கின்றன. பயிற்சி முடிந்தபின் வேலை தரும் கடமை பொதுவாக முதலாளிக்கு இல்லை. அவர் பெறுவது ஊதியம் அன்று, உதவித்தொகை. பட்டதாரிப் பழகுநருக்குரிய குறைந்த அளவு உதவித்தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஈடுசெய்கிறது. தென்மாநிலங்களுக்கு அப்பணியைச் சென்னையிலுள்ள மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் செய்கிறது.

இவ்வரையறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. முழு ஊதியமும் பணிப்பாதுகாப்பும் தரவேண்டுமெனில் தொழில் நிறுவனங்கள் கற்போரைச் சேர்க்கவே தயங்கும் என்பது சட்டமியற்றியோரின் அச்சம். ஆனால் விளைவு வேறு வகையில் அமைந்தது. ஷ்னைடரின் மாணவர் ஒரே நேரத்தில் தொழிலாளராகவும் மாணவராகவும் இருந்தார். இந்தியச் சட்டத்தின் பழகுநரோ தொழிலாளர் அல்லர். பட்டம் முடித்துவிட்டதால் மாணவரும் அல்லர். தொழிற்கூடத்தில் அவர் கற்றவற்றைப் பற்றிக் கல்லூரி அறியாது. கல்லூரியில் கற்றவற்றோடு அதனை இணைக்கும் ஆசிரியரும் அவர் அருகில் இல்லை. படிப்பு முடிந்தபின் பயிற்சி என்னும் இவ்வரிசையே, மாறிமாறி என்னும் பழைய கருத்தை முற்றிலும் மாற்றிவிட்டது. சட்டத்தின் வரம்புக்குள் வராத ஊதியமற்ற பயிற்சிகள் பெருகும்போது உமேதுவாரின் நிலை புதுப்பெயரில் திரும்புகிறது என்று கூறுவதும் மிகையாகாது.

பதிவேடு என்னும் பாடம்

தொண்டும் பயிற்சியும் பிரியாமல் நின்ற துறை ஒன்று உண்டு. இலண்டனின் வறிய கிழக்குப் பகுதியில் 1884இல் சாமுவேல் பார்னெட் தம் மனைவியார் என்றியெட்டாவுடன் நிறுவிய டாயின்பி இல்லத்தில் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு மாணவர்கள் தங்கி, அப்பகுதி மக்களோடு வாழ்ந்தனர். இக்குடியிருப்பு இயக்கத்தின் வழியில் பம்பாயின் நாக்பாடாவில் ஒரு நிலையத்தை நடத்தியவர் கிளிபர்டு மன்சார்ட். இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்வி நிலையம் 1936இல் அவர் தலைமையில், அந்நிலையத்திலேயே தொடங்கிற்று. அதுவே பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. சென்னையில் மேரி கிளப்வாலா சாதவ் 1952இல் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். இவ்விரண்டும் தன்னார்வத் தொண்டிலிருந்து பிறந்த தொழிற்கல்வி நிலையங்கள்.

இத்துறையின் மாணவர் வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப்பகுதி, தொழிற்சாலை எனக் களத்தில் இருப்பார்; மற்ற நாட்களில் வகுப்பில் இருப்பார். ஷ்னைடரின் மாறிமாறி முறையே வாரத்திற்குள் சுருங்கி இங்கு வாழ்கிறது எனலாம். வேறுபாடு அதன்பின் நிகழ்வதில் உள்ளது. மாணவர் ஒவ்வொரு வாரமும் தாம் கண்டதையும் செய்ததையும், செய்யத் தவறியதையும், தம் மனநிலையையும் எழுதித் தரவேண்டும். மேற்பார்வை ஆசிரியர் அதனைப் படித்து, மாணவரோடு தனியே அமர்ந்து உரையாடுவார். குடிப்பழக்கமுள்ள தந்தையின் வீட்டிற்குச் சென்ற மாணவி அவரிடம் ஏன் சினந்து பேசினார், கைம்பெண் உதவித்தொகை கேட்டு வந்த மூதாட்டிக்கு எந்த அலுவலகத்தைக் காட்டினார், அங்கு ஏன் வேலை முடியவில்லை என்பன போன்ற செய்திகள் அவ்வுரையாடலின் பொருளாகும். மாணவரின் தடுமாற்றம் மறைக்கப்படவேண்டிய குறையாகக் கருதப்படாமல் பாடமாகக் கருதப்படுகிறது.

இம்முறையிலும் நலிவுகள் உள்ளன. எண்ணிக்கை பெருகிய இடங்களில் அறிக்கை வாய்பாடாகிறது. முந்தைய ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதும் வழக்கமும் புதிதன்று. ஓர் ஆசிரியருக்குப் பொறுப்பான மாணவர் சிலராக இருக்கும்வரையே தனியுரையாடல் நடைபெறும். நூறு மாணவரை ஓர் அலகாகக் கொண்ட நலப்பணித் திட்டத்தில் ஒரு பேராசிரியர், தம் வகுப்புகளுக்கு இடையே இதனைச் செய்ய இயலாது. ஆயினும் களத்தில் நிற்கும் மாணவர் யார் என்னும் வினாவுக்கு இத்துறை தந்த விடை தெளிவானது: அவர் கற்றுக்கொண்டிருப்பவர், கற்றதற்குச் சான்று அவரே எழுதும் ஏடு.

120 மணி நேரம் மீண்டும்

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டப்படிப்பிலேயே பணியிடப் பயிற்சியைச் சேர்க்குமாறு வழிகாட்டியுள்ளது. ஒரு புள்ளிக்கு 30 மணி நேரம், நான்கு பருவங்களுக்குப் பின் 60 முதல் 120 மணி நேரம் என்பது அதன் கணக்கு. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சு 1இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் கல்லூரிக் கல்வியைத் தொழில் திறனோடு இணைக்கும் நோக்குடையது. நலப்பணித் திட்டத்தின் ஓராண்டு அளவான 120 மணி நேரமே புதிய பயிற்சியின் மேல்வரம்பாகவும் அமைந்திருப்பது தற்செயலாகலாம். பிரிந்த இரண்டும் ஒரே அளவுகோலின்கீழ் மீண்டும் வந்திருப்பது தற்செயலன்று. மணி நேரத்தை எண்ணுவது எவ்வமைப்புக்கும் எளிது.

புதிய விதிகள் மாணவரிடம் அறிக்கை கேட்கின்றன. அவ்வறிக்கை நிறுவனத்தின் வரலாறு, துறைகள், பணிப்பாய்வு ஆகியவற்றை விவரிக்கும் ஏடாக முடியுமா, அங்கு மாணவர் பட்டறிந்ததைக் கூறும் ஏடாக அமையுமா என்பது மதிப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டத்திற்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பொறுத்தது. அப்படிவங்களை வகுக்கும் பாடத்திட்டக் குழுக்களில் இப்பொழுது அமர்ந்திருப்போர் இக்கட்டுரையைப் படிக்கும் விரிவுரையாளர்களே.

வரலாற்றாய்வுக்கும் ஒரு பணி எஞ்சியுள்ளது. கல்லூரி நலப்பணி அலகுகளின் அலமாரிகளில் எங்கேனும் பழைய முகாம் அறிக்கைகளும் மாணவர் குறிப்பேடுகளும் எஞ்சியிருக்குமாயின், அவை பழைய தாளாக எடைக்குப் போகும் முன் பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைத் திரட்டவேண்டும். எந்த ஆண்டில் எந்த ஊரின் ஊருணி தூர்வாரப்பட்டது, எத்தனை கைகள் அதில் ஈடுபட்டன, எத்தெருவின் வீடுகள் கணக்கெடுப்பில் விடுபட்டன, முதன்முறையாக மண்வெட்டி பிடித்த கைகள் அதனைப் பற்றி என்ன எழுதின என்பனவற்றை அரசின் ஆண்டறிக்கைகளில் காண இயலாது. சமூகப்பணிக் கல்வியின் ஏடுகள் பிறரின் அந்தரங்கச் செய்திகளை உள்ளடக்கியவை. அவற்றைப் பொதுப்பார்வைக்குத் திறக்க அறநெறித் தடை உண்டு. முகாம் குறிப்பேடுகளுக்கு அத்தடை பெரும்பாலும் இல்லை.